ஸ்கேன் ரிப்போர்ட் 9.8 கேட்கிறது, டெபியன் 9.2-லேயே நிற்கிறது: பேக்கேஜ் எண்ணைப் படிப்பது எப்படி?

குடியாத்தத்தில் ஒரு சிறிய நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணா, எங்க சர்வர் டெபியன் 12. ஆடிட்டுக்கு வந்தவங்க ஸ்கேன் ஓட்டிட்டு, 'ஓபன்எஸ்எஸ்எச் 9.2-ல ஓட்டை இருக்கு, 9.8 போடுங்க'ன்னு ரிப்போர்ட் கொடுத்துட்டாங்க. அப்டேட் எல்லாம் போட்டுட்டேன், ஆனா 9.2-லயே நிக்குது. ஆப்ட் காட்டுறது 1:9.2பி1-2+டெப்12யு5. இன்னொரு மெஷின் உபுண்டு 22.04, அதுல 8.9, இன்னும் பழசு. சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணி 9.8 போட்டுடட்டுமா? ஒரே சாஃப்ட்வேருக்கு ஏன் ஆளுக்கொரு நம்பர்?"

கம்பைல் பண்ணாதீர்கள் தம்பி. ரிப்போர்ட் சொல்லும் அந்த ஓட்டை உங்கள் டெபியன் மெஷினில் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. எப்படித் தெரியும் என்றால், நீங்கள் எழுதியனுப்பிய அந்த எண்ணிலேயே அது இருக்கிறது, கடைசியில். ஸ்கேன் கருவி முன்பாதியை மட்டும் படித்துவிட்டுப் போயிருக்கிறது. (திரையில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கும். நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு: டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் எல்லாம் லினக்ஸின் வெவ்வேறு வகைகள். ஓபன்எஸ்எஸ்எச் தூரத்தில் இருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருள். பேக்கேஜ் என்பது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதி, ரெப்போ அந்தப் பொதிகளின் கிடங்கு, ஆப்ட் அங்கிருந்து எடுத்து நிறுவும் கருவி.)

9.8 என்று ரிப்போர்ட் கேட்பதற்குக் காரணம் சிவிஇ-2024-6387. (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது அடையாள எண்.) குவாலிஸ் நிறுவனத்தார் 2024 ஜூலை 1 அன்று வெளியிட்டது. 'ரெக்ரெஸ்ஹியன்' என்று பெயர் வைத்தார்கள். 2006-ல் அடைத்த ஓட்டை 8.5பி1-ல் மறுபடி திறந்துகொண்டது. ஓபன்எஸ்எஸ்எச் திட்டத்தார் அதை 9.8பி1-ல் சரிசெய்தார்கள். அதே ஓட்டைக்கான திருத்தம் மற்ற இடங்களில் என்ன எண்ணில் வந்தது பாருங்கள். டெபியன் 12-ல் 1:9.2பி1-2+டெப்12யு3. உபுண்டு 22.04-ல் 1:8.9பி1-3உபுண்டு0.10. உபுண்டு 24.04-ல் 1:9.6பி1-3உபுண்டு13.3. ரெட் ஹாட் 9-ல் 8.7பி1-38.ஈஎல்9_4.1. 9.8, 9.6, 9.2, 8.9, 8.7 என ஐந்து எண்கள், ஐந்திலும் ஒரே ஓட்டை அடைபட்டிருக்கிறது. உங்களிடம் யு5 இருக்கிறது. யு3-க்குப் பிறகு இரண்டு முறை திருத்தம் வாங்கிய பேக்கேஜ் அது.

டெபியன், உபுண்டு எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு வெளியீடு), ரெட் ஹாட் போன்றவை ஒரு வெளியீட்டை அறிவித்தபிறகு அதிலுள்ள மென்பொருளின் பதிப்பைப் பெரும்பாலும் மாற்றமாட்டார்கள். புதுப் பதிப்பில் ஓட்டை அடைபடுவதோடு ஒரு அமைப்பு நீங்கும், ஒரு பழைய குறிமுறை நின்றுபோகும், கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி செல்லாமல் போகும். இரவு தானாக அப்டேட் ஆகி, காலையில் கிளை அலுவலகம் உள்ளே நுழைய முடியாமல் நிற்கக் கூடாது. அதனால் புதுப் பதிப்பில் இருந்து அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்து, பழைய பதிப்பின் மேல் வைத்துத் தைப்பார்கள். பேக்போர்ட் என்பது அந்த வேலை. அது எண்ணின் பின்பாதியில்தான் பதிவாகும்.

இதை நம் மாவட்டத்துக்காரருக்குச் சொல்ல எனக்குச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஆம்பூர் பக்கம் ஒரு நிலத்தின் பத்திரக்கட்டை எடுத்துப் பாருங்கள். தாத்தா காலத்துப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தபிறகு எழுதியதில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அதற்கடுத்து வேலூர் மாவட்டம். 2019-ல் மூன்றாகப் பிரித்தபிறகு திருப்பத்தூர் மாவட்டம். நிலம் ஒரு முழம்கூட நகரவில்லை. அது என்ன நிலம் என்று சொல்வது புல எண். அதில் எந்தப் பங்கு என்று சொல்வது சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் உட்பிரிவு. 212 என்பதை மட்டும் பார்த்து நிலம் வாங்குகிறவர் நம்மில் யாரும் இல்லை. 212/2ஏ1 என்று கடைசி எழுத்துவரை படித்துத்தான் முன்பணம் கொடுப்போம். பேக்கேஜ் எண்ணையும் அப்படித்தான் படிக்க வேண்டும். பக்கத்து ஊரிலும் ஒரு 212 இருக்கும். அதையும் இதையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை. உபுண்டுவின் 8.9-ஐயும் டெபியனின் 9.2-ஐயும் வைத்து எது புதுசு என்று கேட்பதும் அதே கதைதான். பேக்கேஜ் எண் ஒரு ரெப்போவுக்குள் எது முன், எது பின் என்று கருவிக்குச் சொல்வதற்காக எழுதப்படுவது. அந்த ரெப்போவின் எல்லையைத் தாண்டினால் அதற்குச் செல்லுபடி இல்லை.

இப்போது உங்கள் எண்ணைப் பிரிப்போம்: 1:9.2பி1-2+டெப்12யு5.

கடைசியில் வரும் இடைக்கோடுதான் வரப்பு. அதற்கு முன்னால் இருப்பது அப்ஸ்ட்ரீம், அதாவது மென்பொருளை எழுதியவர்கள் கொடுத்த எண். பின்னால் இருப்பது டெபியன்காரர்களின் வேலை. ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு தலைமடை, கடைமடை என்றால் போதும். 9.2பி1-ல் உள்ள பி1 'போர்ட்டபிள்' என்பதைக் குறிக்கும். ஓபன்எஸ்எஸ்எச் ஓபன்பிஎஸ்டி-க்காக எழுதப்படுவது. லினக்ஸ் முதலியவற்றுக்கு ஏற்ப மாற்றியது பி1. அடுத்த 2 என்பது 9.2பி1-ஐ டெபியன் இரண்டாவது முறை பேக்கேஜ் செய்தது. +டெப்12யு5 என்பது டெபியன் 12 வெளியான பிறகு அந்த வெளியீட்டுக்காக மட்டும் செய்த ஐந்தாவது திருத்தம்.

முன்னால் நிற்கும் 1: இருக்கிறதே, அது ஈபோக். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பத்திரத்தில் பழைய சர்வே எண், புதிய சர்வே எண் என்று எழுதுவார்களே, அந்த மாதிரி எண் வரிசையே மாறிவிட்டது என்று அறிவிக்கும் குறி. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருளின் பேக்கேஜுக்கு டெபியனில் ஈபோக் 1. ஏன்? முன்பு குனு இன்டராக்டிவ் டூல்ஸ் என்ற வேறொரு மென்பொருள் அதே 'கிட்' பெயரில் 4-ல் தொடங்கும் எண்ணோடு டெபியனில் இருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் கிட் அந்தப் பெயருக்கு வந்தபோது அதன் எண் 1.7. 4-க்குப் பிறகு 1.7 வந்தால் ஆப்ட் அதைப் பழசு என்று ஒதுக்கிவிடும். அதனால் 1: சேர்த்தார்கள். ஒருமுறை சேர்த்த ஈபோக்கை எடுக்கவே முடியாது. எடுத்தால் எண் கீழே இறங்கிவிடும். விம் எடிட்டருக்கு ஈபோக் 2 வரை வந்துவிட்டது. அதனால்தான் அனுபவப்பட்ட பேக்கேஜர்கள் ஈபோக்கைத் தொடவே தயங்குவார்கள்.

வரிசைப்படுத்தும் விதிகளில் முதலாவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. புள்ளி தசமப் புள்ளி இல்லை. 3.10 என்பது 3.9-க்கு அடுத்தது. உட்பிரிவு 10 வேறு, உட்பிரிவு 1 வேறு என்பது போல. மேலே உபுண்டு 22.04-ன் எண்ணில் 3உபுண்டு0.10 என்று பார்த்தோமே, அது 0.9-க்கு அடுத்த திருத்தம். அதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 22.04 வெளியானபோது டெபியனின் 8.9பி1-3 அப்படியே எந்த மாற்றமும் இல்லாமல் வந்திருந்தது. அடுத்த உபுண்டு வெளியீட்டில் யாராவது 3உபுண்டு1 என்று போட்டால், பழைய வெளியீட்டின் திருத்தங்கள் அதற்குக் கீழேயே நிற்க வேண்டும். இல்லையென்றால் மேலே போகிறவருக்கு அப்டேட் நடக்காது. அதனால் உபுண்டு1 என்று தொடங்காமல் உபுண்டு0.1 என்று தொடங்கினார்கள். இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே இப்படி இடம் விட்டு எண் வைப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. இதே ஒழுங்கில், மாற்றம் எதுவும் செய்யாமல் மறுபடி கம்பைல் மட்டும் செய்தால் உபுண்டு 'பில்ட்1' என்று எழுதும். ஆங்கில அகரவரிசையில் பி, யு-வுக்கு முன். ஆகவே பில்ட்1-க்கு மேலே உபுண்டு1 தானாக வந்துவிடும்.

இரண்டாவது விதி அலைக்கோடு: ~. டெபியனில் இது எல்லாவற்றுக்கும் முன்னால் வரும், ஒன்றுமே இல்லாததற்கும் முன்னால். 2.0~ஆர்சி1 (ஆர்சி என்றால் இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) என்பது 2.0-க்குக் கீழே. அலைக்கோடு இல்லாமல் 2.0ஆர்சி1 என்று எழுதினால் அது 2.0-க்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும், உண்மையான 2.0 வந்தாலும் மெஷின் அதை ஏற்காது. அடுத்த டெபியனின் புதுப் பதிப்புகளை இப்போதைய டெபியனுக்குக் கட்டித்தரும் 'பேக்போர்ட்ஸ்' ரெப்போவில் ~பிபிஓ12+1 என்று பார்ப்பீர்கள். அதே பேக்கேஜ் அடுத்த டெபியனில் ~பிபிஓ இல்லாமல் இருக்கும். அலைக்கோடு இருப்பதால் டெபியன் 13-க்குப் போகும்போது அது தானாக மாறிவிடும்.

வெளியீட்டின் செல்லப் பெயரை எண்ணுக்குள் வைக்கிற பழக்கமும் ஒரு காலத்தில் இருந்தது. டெபியன் 6-ல் +ஸ்குவீஸ்1 என்று எழுதினார்கள். ஸ்குவீஸுக்கு அடுத்து வீஸி, அதற்கடுத்து ஜெஸ்ஸி; அகரவரிசையில் ஜெஸ்ஸி முன்னால் போய்விடும். டெபியன் 7-ல் இருந்து +டெப்7யு1 என்று எண்ணுக்கு வந்தது அதனால் நல்லதாகப் போயிற்று. உபுண்டுவிலும் 17.04 'ஸெஸ்டி', அடுத்த 17.10 'ஆர்ட்ஃபுல்': அகரவரிசை முடிந்து முதலில் இருந்து தொடங்கியது. தனி ரெப்போ வைத்து ~ஸெஸ்டி1 என்று எழுதியவர்களுக்கு ~ஆர்ட்ஃபுல்1 கீழே இறங்கிவிட்டது. பெயர் மனிதருக்கு, எண் மெஷினுக்கு.

எண் கீழே இறங்கக் கூடாது என்ற விதி எவ்வளவு கறாரானது என்று ஒரே ஒரு எண் சொல்லும்: 5.6.1+ரியலி5.4.5-1. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்ஸெட் என்ற சுருக்கல் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளியிட்டார். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, அதை விடாமல் துரத்திப் பிடித்தவர் அவர். டெபியனின் நிலையான வெளியீட்டுக்கு அது வரவில்லை; அன்ஸ்டேபிள், டெஸ்டிங் என்ற வளர்ச்சிக் கிளைகள் இரண்டிலும் வந்திருந்தது. உடனே பழைய 5.4.5-க்குத் திரும்ப வேண்டும். ஆனால் 5.4.5 என்று போட்டால் 5.6.1 வைத்திருக்கும் எந்த மெஷினும் தானாக இறங்காது. அதனால் '5.6.1, உண்மையில் 5.4.5' என்று எண்ணிலேயே எழுதி அனுப்பினார்கள். ஆர்ச் லினக்ஸ் வேறு வழியில் போனது: 5.6.1-ஐ வைத்துக்கொண்டு, நஞ்சு கலந்த கோப்புத்தொகுப்பை விட்டுவிட்டு நேரே கிட் மூலத்தில் இருந்து கட்டி 5.6.1-2 என்று வெளியிட்டது. அந்த வாரம் '5.6.1 இருந்தால் ஆபத்து' என்று மட்டும் பார்த்த ஸ்கேன், டெபியனில் 5.4.5 ஓடுகிற மெஷினையும் ஆர்ச்சில் சரிசெய்த மெஷினையும் சேர்த்தே குற்றவாளி ஆக்கியிருக்கும்.

என் கையால் நடந்த ஒரு தவறையும் சொல்கிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. சில வருடம் முன்பு ராணிப்பேட்டை பக்கம் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு அலுவலகத்துக்கு, டெபியனில் இருந்த பேக்கேஜ் ஒன்றில் சிறு மாற்றம் தேவைப்பட்டது. ரெப்போவில் இருந்த எண் -2 என்று முடிந்தது. நான் மாற்றி, -3 என்று எண் கொடுத்து நிறுவினேன். வேலை நன்றாக நடந்தது. சில மாதம் கழித்து அதே பேக்கேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தம் -2+டெப்8யு1 என்று வந்தது. மெஷினைப் பொறுத்தவரை என் -3 அதைவிடப் புதுசு. ஆப்ட் எதுவும் கேட்காமல், எதுவும் சொல்லாமல் அந்தத் திருத்தத்தைக் கடந்து போய்விட்டது. வேறு வேலைக்காகப் போனபோது தற்செயலாகத்தான் பார்த்தேன். அதுவரை அந்த ஓட்டை திறந்தே கிடந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

சரியான எண் எது? -2வேலூர்1 என்று, எண்ணை ஒட்டி எழுத்து வரும்படி வைத்திருக்க வேண்டும். டெபியன் விதியில் எழுத்துகள் மற்ற குறிகளுக்கு முன் வரும். ஆகவே 2-ஐவிட 2வேலூர்1 பெரியது, என் மாற்றம் நிற்கும். 2வேலூர்1-ஐவிட 2+டெப்8யு1 பெரியது, பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அது மேலே வந்துவிடும், பிறகு என் மாற்றத்தை அதன்மேல் மறுபடி செய்துகொள்ளலாம். 2+வேலூர்1 என்று கூட்டல் குறியோடு எழுதினால் டி-யைவிட ஆங்கில வி பின்னால் வருவதால் மறுபடி திருத்தத்தை மறைக்கும். 2~வேலூர்1 என்றால் ரெப்போவின் 2 வந்து என் வேலையை அழித்துவிடும். ஒரு குறி மாறினால் மூன்று விதமான விளைவு. இப்போதெல்லாம் எண் வைக்கும் முன் 'டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்' கட்டளையில் இரண்டு எண்ணையும் கொடுத்துப் பார்க்காமல் எதையும் நிறுவுவதில்லை.

மற்றக் குடும்பங்களைப் பற்றிச் சுருக்கமாக. ரெட் ஹாட், ஃபெடோரா பயன்படுத்தும் ஆர்பிஎம் பேக்கேஜ் உலகில் பெயர், ஈபோக், வெர்ஷன், ரிலீஸ் என்று நான்கு பாகம். .எஃப்சி40 என்றால் ஃபெடோரா 40-க்குக் கட்டியது, .ஈஎல்9_4 என்றால் ரெட் ஹாட் 9.4-க்கான திருத்த வரிசை. அலைக்கோடு அங்கே 2012-ல்தான் வந்தது. அதற்கு முன் ஆர்சி பதிப்புகளுக்கு ரிலீஸை 0.1 என்று வைத்துச் சமாளித்தார்கள். ஆர்ச்சில் 1.0ஆர்சி என்று வெறுமனே எழுதினாலே அது 1.0-க்குக் கீழே போகும், அலைக்கோடு வேண்டாம். அதே எழுத்து டெபியனில் மேலே போகும் என்று பார்த்தோம். ஆல்பைனில் கடைசியில் -ஆர்0, -ஆர்1 வரும்; கண்டெய்னர் வேலை செய்கிறவர்களுக்கு அது பழக்கம். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. நான் சொன்ன டெபியன் இலக்கணம் அங்கே அப்படியே பொருந்தும்.

எண் மட்டுமல்ல, பெயரும் மாறும். டெபியனில் அப்பாச்சி2, ஃபெடோராவில் எச்டிடிபிடி, இரண்டும் ஒரே வெப் சர்வர். கம்பைலுக்குத் தேவையான தலைப்புக் கோப்புகள் டெபியனில் -டெவ், ஃபெடோராவில் -டெவெல். லைப்ரரிகளில் எண் பெயருக்குள்ளேயே போய்விடும்: லிப்எஸ்எஸ்எல்3 என்பதில் 3 பெயரின் பகுதி, அதன் இணக்க எண். உபுண்டு 24.04-ல் அது லிப்எஸ்எஸ்எல்3டி64 ஆனது. 2038-க்குப் பிறகான தேதிகளுக்காக 32 பிட் மெஷின்களில் நேரக்கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியபோது, இணக்கம் மாறிய லைப்ரரிகளின் பெயரில் டி64 சேர்த்தார்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இன்னொரு பொறி. டெபியன் 12-ல் 'யுநேம் -ஆர்' உதாரணமாக 6.1.0-25 என்று காட்டும். அந்த 25 இணக்க எண்தான். உள்ளே ஓடுவது 6.1.106-3, அதை 'யுநேம் -வி' காட்டும். அடுத்த ஆடிட்டில் கெர்னல் 6.1.0 பழசு என்று எழுதி வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். டெபியன் மெஷினில் 'ஆப்ட் அப்டேட்' போட்டுவிட்டு 'ஆப்ட் பாலிசி ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்' ஓட்டுங்கள். நிறுவியதும் ரெப்போவில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். யு5-ஐவிடப் புதியது வந்திருந்தால் போட்டுவிடுங்கள். பிறகு 'ஆப்ட் சேஞ்ச்லாக் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்' எடுத்து அதில் 2024-6387 என்று தேடுங்கள். யு3-க்கான பதிவில் அது இருக்கும். அந்த வரிகளை நகலெடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு மெஷினிலும் இதையே செய்யுங்கள். அங்கே எண் 3உபுண்டு0.10 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் 8.9 என்று மட்டும் எழுதியிருந்ததால் அந்த மெஷினைப் பற்றி நான் உறுதி சொல்லவில்லை. 0.9 என்று இருந்தால் அந்த மெஷினில் ஓட்டை உண்மையாகவே திறந்திருக்கிறது, இன்றே அப்டேட் செய்யுங்கள். ஆர்பிஎம் மெஷின் இருந்தால் 'ஆர்பிஎம் -க்யூ --சேஞ்ச்லாக்' அதே வேலையைச் செய்யும். அப்டேட் செய்தபின் எஸ்எஸ்எச் சேவை புதிய பேக்கேஜில் இருந்துதான் ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆடிட்காரர்களுக்குப் பதில் எழுதும்போது சண்டை வேண்டாம், அவர்கள் கருவி சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். எண்ணை முழுதாக எழுதுங்கள்: 1:9.2பி1-2+டெப்12யு5. இந்த சிவிஇ-க்கான திருத்தம் +டெப்12யு3-ல் டெபியன் பாதுகாப்புக் குழுவால் வெளியிடப்பட்டது, நிறுவியிருப்பது அதைவிடப் பிந்தையது என்று ஒரு வரி. சேஞ்ச்லாக் நகல். டெபியன் பாதுகாப்பு டிராக்கரில் அந்த சிவிஇ பக்கத்தின் அச்சு. இவ்வளவு போதும், இதேபோல நான் அனுப்பிய பதில்களை ஏற்றுக்கொண்டு ரிப்போர்ட்டில் இருந்து நீக்கியிருக்கிறார்கள்.

சோர்ஸில் இருந்து 9.8 போட்டிருந்தால் ரிப்போர்ட் அன்றைக்குப் பச்சையாகியிருக்கும். ஆனால் அந்த பைனரி ஆப்ட் கணக்கில் இருக்காது. அடுத்த ஓட்டை வரும்போது எந்தப் பாதுகாப்புக் குழுவும் அதற்குத் திருத்தம் அனுப்பாது, நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் கவனித்துக் கட்ட வேண்டும். நீங்கள் வேலை மாறிப் போனபிறகு அந்த மெஷினைப் பார்க்க வருகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உபுண்டு மெஷினின் முழு எண்ணையும் அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.